பூசணிப் பிஞ்சைக் காட்டிய விரல்

நூம்பலில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. அக்கா இருந்தவரை அது அவள் தோட்டம். தை மாதம் பிள்ளை பெறும்போது அவளும் போய்விட்டாள், அந்தக் குழந்தையும் போய்விட்டது. மூத்த பிள்ளைகள் இரண்டும் மிச்சம். பையனுக்கு ஏழு வயசு இருக்கும், பெண் அவனைவிடச் சின்னவள். காரியத்துக்கு வந்த நான் ஊர் திரும்பவில்லை. பிள்ளைகளோடு தோட்டமும் என் கைக்கு வந்தது.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே தண்ணீருக்குள் நடந்தது போல இருக்கிறது. விடியும்போது மாமா, அதாவது அக்கா புருஷன், வயல் கிணற்றில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார். உருளை முனகும் சத்தம் தூக்கத்துக்குள் வந்து, நான் எழுந்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல் தோட்டத்தில் நிற்பேன். வாய்க்காலில் முதலில் தண்ணீர் தெரியாது. காய்ந்த இலைகள் தாமாக நகரும். அப்புறம் கொஞ்சம் நுரை. அதற்குப் பின்னால்தான் தண்ணீர், எறும்பையும் உதிர்ந்த பூவையும் தூக்கிக்கொண்டு வரும். பையன் அதோடு கூடவே ஓடுவான்.

"வந்துகினு கீது சித்தி! வெண்டைக்கு வந்துட்ச்சு! தொறக்கட்டா?"

மண்ணில் ஈரம் ஏறும்போது ஒரு மணம் வருமே, அந்த மணத்தில் கொத்தமல்லியும் கத்திரி இலையும் சேர்ந்திருக்கும். அதற்குள் நின்றால் அக்கா எங்கேயோ பக்கத்துப் பாத்தியில் குனிந்திருக்கிறாள் என்றே தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் இல்லாமல் போய்விடுவாள்.

அது யுத்த காலம். பூந்தமல்லி சாலையில் பட்டாளத்து லாரிகள் வரிசையாகப் போனால் எங்கள் அவரைப் பந்தல் வரை நடுங்கும். அரிசி கிடைப்பது பாடாக இருந்தது. பூசணி காய்த்தால்தான் வயிறு நிறைகிற மாதிரி ஒரு குழம்பு. அதனால் மாசியில் வேலி ஓரமாக நிறைய விதை போட்டேன். பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பாத்தி கொடுத்தேன். பையன் தன் பாத்தியில் வெண்டை போட்டான். சின்னவள் கனகாம்பரம் கேட்டாள். இடது கையால் நாற்றைப் பிடித்து, இடது கையால் மண்ணைத் தள்ளி, தனியாகவே நட்டாள்.

வலது கையை அவள் திறக்கவே இல்லை. காரியம் முடிந்த நாளிலிருந்து அது மூடியேதான் இருந்தது. சோறு நான் ஊட்டுவேன். எதையாவது காட்ட வேண்டுமென்றால் மோவாயால் காட்டுவாள். குளிப்பாட்டும்போது விரல்களைப் பிரிக்கப் பார்த்தால் வீறிட்டுக் கத்துவாள். கொத்தமல்லி வாங்க பூந்தமல்லியிலிருந்து ஒரு பாய் வீட்டம்மா வருவார். அவருக்குக் கேலி ஜாஸ்தி.

"இன்னாடி கண்ணு, கைக்குள்ள புதையலு வச்சிகினு கீறியா? எனுக்குப் பாதி குடுடி."

சின்னவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அந்தம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் தலையில் கை வைத்து ஏதோ ஓதி ஊதினார். போகும்போது என்னிடம், "பலவந்தம் பண்ணாதம்மா. தானா தொறக்கும்" என்றார்.

பங்குனியில் பூசணி பூத்தது. வேலி முழுக்க மஞ்சள். காலையில் பார்த்தால் யாரோ நிறைய விளக்குகளை ஏற்றிவிட்டு அணைக்க மறந்தது போல இருக்கும். சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரிப் பச்சைப் பிஞ்சு. பையன் ஆள்காட்டி விரலை மடக்கி, அந்த முட்டியால் ஒவ்வொன்றாகக் காட்டினான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் காட்டுவார்கள். பிஞ்சுக்கு நேராக விரல் நீட்டினால் அது வெம்பி விழுந்துவிடும் என்பார்கள். போன வருஷம் அக்கா இதே வேலியில்தான் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

"நீ காட்டு பாக்கலாம், எத்தினி பிஞ்சு கீது?" என்று சின்னவளைக் கேட்டேன். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். "வாணாம் சித்தி. நான் காட்டினா செத்துடும்."

"வெரல மடக்கிகினு காட்டுடி."

"வாணாம். நான் அம்மா வயித்தத் தொட்டு காட்டினேன். நீட்டிகினு காட்டினேன். இங்கதான பாப்பா கீதுன்னு. மடக்க மறந்துட்டேன்."

அவளைத் தூக்கிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. பிஞ்சுக்கு விரல் நீட்டி எனக்குப் பழக்கமே இல்லை. 'அப்படியெல்லாம் இல்லடி' என்று வாயால் சொன்னால் அந்தக் குழந்தை என்னை நம்புமா?

மறுநாள் காலை இரண்டு பேரையும் வேலி ஓரத்தில் உட்கார வைத்தேன். முதல் பிஞ்சுக்கு எதிரே நின்று விரலை நேராக நீட்டினேன். "இதோ ஒண்ணு." அடுத்ததுக்குப் போனேன். "இதோ."

பையன் எழுந்தே விட்டான். "ஐயோ சித்தி! இன்னா பண்றே? நைனா பாத்தாருன்னா தோலை உரிச்சுடுவாரு!"

மாமா பார்த்துக்கொண்டுதான் வந்தார். தோளில் மண்வெட்டி. "பைத்தியமா புடிச்சிகீது உனுக்கு? அத்தினியும் வெம்பிப் போச்சுன்னா எத்த துன்றது?"

"போனா போவட்டும் மாமா," என்றேன். அவர் எதிரில் அதுவரை நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "உங்க பொண்ணு ஏன் கைய மூடிகினு கீறான்னு தெரியுமா? அக்கா வயித்துக்கு நேரா வெரல் நீட்டிச்சாம். அதனாலதான் அக்கா பூட்டான்னு நெனச்சிகினு கீறா."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். எத்தனையோ நாளாக அவர் அந்தப் பக்கமே பார்த்ததில்லை. வேலிக்குப் போய், இருந்ததிலேயே பெரிய பிஞ்சுக்கு எதிரே குந்தினார். நகமெல்லாம் சேறாக இருந்த விரலை நீட்டி, அந்தப் பிஞ்சின் மேலேயே வைத்து அழுத்தினார்.

"நல்லா பாத்துக்கோ," என்றார் மகளிடம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. பிஞ்சுகள் கனவில் வந்தன. சில சமயம் அவை ஆகாயத்தில் தொங்கும், நான் அண்ணாந்து பார்த்தபடி கீழே நடந்துகொண்டே இருப்பேன். அதற்கு முன் எந்த சாமியிடமும் எனக்காக எதுவும் கேட்டதில்லை. இப்போது பூசணிக்காக வேண்டிக்கொண்டேன். எல்லாம் விழுந்துவிட்டால், நானே என் கையால் அந்தக் குழந்தையின் பயத்தை நிஜமாக்கியதாகிவிடும்.

சில விழத்தான் விழுந்தன. நுனி மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆகி, காம்போடு கழன்றன. சின்னவள் அதைப் பார்த்ததும் வாயைக் கோணிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பையனுக்குக் கோபம். "போடி பைத்தியம். சித்தி அல்லாத்தையும்தான காட்டிச்சு? இது விழுந்துச்சு, அது விழல. அதோ பாரு, நைனா கை வச்சு அமுக்குனாரே, அது கல்லு மாரி கீது. போன வருசங்கூட கொஞ்சம் விழுந்துச்சு. அப்ப யாருடி காட்டினா?"

அவள் அழுகையை நிறுத்தினாள். எழுந்து போய் அந்தப் பெரிய காயின் முன்னால் நின்றாள். அது அதற்குள் செம்பு அளவுக்கு வந்திருந்தது. நெடுநேரம் நின்றாள். வண்டுகள் பூவுக்குள் போய் வந்துகொண்டிருந்தன. பிறகு வலது கையைத் தூக்கினாள். விரல்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. சுண்டு விரலில் தொடங்கி, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். உள்ளங்கை வெளுத்து, ஊறி, நகம் பதிந்த இடமெல்லாம் புண்ணாக இருந்தது. கடைசியில் ஆள்காட்டி விரல் நீண்டது.

"இதோ," என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவள் விரலை இறக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அம்மா எதுனால செத்துச்சு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு என்ன தெரியும்? மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். எல்லாரும் விதி என்றார்கள். அந்த விரலின் மேல் பழி இருந்தவரை, பொய்யோ மெய்யோ, ஒரு காரணம் இருந்தது. அதை நாங்கள் பிடுங்கிவிட்டோம். அந்த இடத்தில் வைக்க என்னிடம் எதுவுமே இல்லை. அக்கா நல்லாத்தான் இருந்தாள். முதல் நாள் சாயந்திரம்கூட மல்லிக்குத் தண்ணீர் விட்டாள்.

"தெரியலடி," என்றேன்.

"நைனாக்குத் தெரியுமா?"

"நைனாக்கும் தெரியாது."

அவள் விரலை இறக்கினாள். "யாருக்குமே தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது கண்ணு."

அவ்வளவு நாளும் பிள்ளைகள் எதிரில் நான் அழுததில்லை. அன்றைக்கு வேலி ஓரத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, அக்கா அக்கா என்று அழுதேன். அவள் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணீருக்குள் பூவெல்லாம் கலங்கிப் போய் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ.

"சித்தி! தண்ணி ஒடச்சிகினு பூடுச்சு! கனகாம்பரம் மூழ்குது!" என்று பையன் கத்தினான்.

சின்னவள் மடியிலிருந்து குதித்து ஓடினாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கரை உடைந்த இடத்தில் அவள் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அடைத்துக்கொண்டிருந்தாள்.