பிடாரி கோயிலில் கிடந்த சக்கரம்

பிள்ளைகளா, மழையைப் பற்றி அம்மா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். தன்னைப் பற்றிய பாதியை அவள் சொல்லமாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தண்ணீரெல்லாம் கடைசியில் வடிகால் வழியாக முத்துப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போகிறது. வடிகால் முடிகிற இடத்தில் உள்ள மதகு உங்களுக்குத் தெரியும். கடல் ஏறும்போது அதை அடைக்க வேண்டும், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் வயலுக்கு வந்துவிடும். கடல் இறங்கும்போது திறக்க வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் வயலிலேயே நின்றுவிடும். இதற்கென்று அரசாங்கம் ஒரு ஆளை வைத்திருந்தது. லஸ்கர் என்போம். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலைக்கு யாரையும் போடவில்லை. நீங்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு மதகையும் வடிகாலையும் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கடற்கரைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிற கம்பெனி.

எங்களுக்கு அப்போது சந்தோஷம்தான். வந்த வேகத்தில் மதகுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள், மோட்டார் வைத்தார்கள், கேமரா மாட்டினார்கள். கோடையில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய் வடிகால் வெட்டுவோமே, அதுவும் இனி வேண்டாம் என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்கள் மேனேஜருக்குச் சால்வை போட்டோம்.

மோட்டார் வைத்த அன்று, மதகைக் கையால் திருப்பும் பழைய இரும்புச் சக்கரத்தைக் கழற்றி வண்டியில் போட்டார்கள். அம்மா போய் வண்டியை மறித்தாள். ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டியோடு அந்தச் சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் ஊர் வழக்கம் அல்லவா.

"பூசை வாங்குன பொருளைக் காயலான் கடைக்கு அனுப்புவாங்களா?"

"அதை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போறே, மாவு அரைக்கப் போறியா?" என்றேன் நான்.

"ஒங்களுக்குச் சால்வை போடத் தெரியும். போட்டுட்டு வாங்க."

நாலு பெண்கள் சேர்ந்து அதை உருட்டிக்கொண்டு போய்ப் பிடாரி கோயில் வேப்பமரத்தடியில் சாய்த்து வைத்தார்கள். ஆண்கள் நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்தோம்.

இந்த ஐப்பசியில் சம்பாப் பயிர் தூர் கட்டும் நேரம் பார்த்து மழை பிடித்தது. மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியவில்லை. பயிரின் நுனி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. குருத்து அழுகிவிட்டால் மறுபடி நட நாற்றும் இல்லை, பருவமும் இல்லை. உங்கள் படிப்பு, எங்கள் சாப்பாடு எல்லாம் அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

ஊரே மதகுக்குப் போனது. கடல் இறங்கியிருந்தது, மதகு மூடியே இருந்தது. கம்பெனி சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மோட்டாரைச் சென்னை ஆபீஸ்லேருந்துதாங்க இயக்கணும். சொல்லியிருக்கேன்."

"சென்னையில ஒக்காந்திருக்கிறவருக்கு எங்க வயல் தெரியுதாக்கும்?" என்றார் நம் பக்கத்து வயல்காரர்.

"கேமரால மதகு தெரியும்ங்க. வயல் தெரியாது."

"நெசத்தைச் சொல்லுங்க தம்பி. எறாலுக்காகத்தானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். மதகைத் திறந்தால் மழைத் தண்ணீர் கலந்து வெளியே கடல் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும். அங்கிருந்துதான் பண்ணைக் குளங்களுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். இறால் பிடித்து முடிக்கும்வரை திறக்க வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவாம்.

நாங்கள் சொல்லியனுப்பித் தாசில்தார் அம்மா வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒப்பந்தம் இருக்கு. மேல கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார்.

உங்கள் அம்மா முன்னால் வந்தாள். "நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள கடல் மறுபடி ஏறிடும்ங்கம்மா. பயிரு இன்னிக்கித் தாங்கும். நாளைக்கித் தாங்காது."

தாசில்தார் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வயல் எங்கே இருந்தது, ஏரி மாதிரி கிடந்தது. சூப்பர்வைசரிடம், "கையால திறக்க வழி இருக்கா?" என்றார்.

"இல்லைங்க மேடம். பழைய சக்கரத்தை அப்பவே இரும்புக்குப் போட்டாச்சு."

"போடலை," என்றாள் அம்மா. "பிடாரி கோயில்ல இருக்கு."

"கொண்டு வாங்க. பதில் சொல்ல வேண்டிய இடத்துல நான் சொல்லிக்கிறேன்," என்றார் தாசில்தார்.

ஆறு பேர் ஓடினோம். சிரித்தவர்கள்தான் தூக்கினோம். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. மோட்டார் சங்கிலியைக் கழற்ற ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது அந்த சூப்பர்வைசரே. சக்கரம் தண்டில் சரியாகப் பொருந்தியது. முதலில் அசையவில்லை. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். மதகுப் பலகைக்கு அடியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கிளம்பியது. நம் பக்கத்து வயல்காரர், "எக்கா, மாவு நல்லா அரையுது," என்றார். அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மறுநாள் நுனி தெரிந்தது. சில இடம் போய்விட்டது, பெரும்பங்கு பிழைத்தது. இப்போது ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்து, மதகுக்கு ஒரு லஸ்கரைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். தற்காலிகம் என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. இருந்தாலும் நன்றாகத் தூங்குகிறேன்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். இறால் வளர்ப்பவர் இறாலைத்தான் பார்ப்பார். அவர் கையில் ஊர் மதகைக் கொடுத்தால் மதகும் இறாலுக்குத்தான் வேலை செய்யும். லஸ்கர் திறக்காவிட்டால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். கேமராவிடம் யார் போய்ச் சத்தம் போடுவது?

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு காலையில் தனியாக மதகுக்குப் போனேன். லஸ்கர் டீ குடிக்கப் போயிருந்தார். சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துண்டால் துடைத்தேன். தண்டுக்கு கிரீஸ் தடவினேன். அம்மாவுக்குத் தெரியாமல் அவள் சிமிழிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த குங்குமத்தை எடுத்து, நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வயலுக்கு நடந்தேன்.