ஒண்டிக்கடையின் ஆறு மணிப் பாட்டு

கேபிள் டி.வி. தொழிலில் வீட்டுக்கு வீடு ஓர் எஜமானர் உண்டு. ஏற்காட்டில் நடத்தினால் மரத்துக்கு மரம் ஒரு குரங்கும் சேர்ந்துகொள்ளும். தொண்ணூறுகளில் கேபிள் நடத்தி, ஒயரோடு மல்லுக்கட்டி, சந்தாதாரர் வாயில் விழுந்து எழுந்த சக தோழர்களே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அறுந்த ஒயர்

ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்த அறைதான் என் நிலையம். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை, ஜனங்கள் கேட்ட சினிமாப் பாட்டுகளைக் கேசட்டில் போட்டு ஒரு சேனலில் விடுவேன். திரையில் ரோசாத் தோட்டத்தின் படம் ஒன்று அசையாமல் நிற்கும். மலை மடிப்புகளில் ரேடியோ இரையத்தான் செய்யும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு என் ஆறு மணியை விட்டால் வேறு பாட்டு கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு மழைநாளில் சில்வர் ஓக் மரம் சாய்ந்து ஒயர் அறுந்துவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் குடையோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார்: "படம் வராட்டிப் போகுதுங்க, பாட்டை மட்டும் எப்படியாச்சும் அனுப்பி உடுங்க."

வளைவேறி வந்தவர்

இப்படி இருக்கும்போது, கேசட் கம்பெனி ஒன்றின் ஆள் அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, கேசட்டை வீட்டில் போட்டுக் கேட்கலாம், ஒயரில் ஊருக்கெல்லாம் அனுப்பினால் காப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்றார். சரி, முறைப்படி அனுமதி வாங்குகிறேன் என்று கிளம்பினேன்.

சேலத்தில் கேட்டால் சென்னையைக் கை காட்டினார்கள். சென்னையில் வரிகள் ஒருவருக்குச் சொந்தம், மெட்டு இன்னொருவருக்கு, பதிவு மூன்றாமவருக்கு என்றார்கள். கேட்ட கட்டணத்தைக் கட்டத் தயாராக நின்றேன், வாங்கத்தான் ஆளில்லை. அடுத்த தடவை அந்தக் கேசட் கம்பெனி ஆள் வந்தபோது விடவில்லை, யாரிடம்தான் அனுமதி வாங்குவது என்று பிடித்துக்கொண்டேன். பாவம், அவரும் சம்பளக்காரர்தான். "தப்பு எதுன்னு சொல்றதுக்குத்தான் சார் என்னை அனுப்பியிருக்காங்க, சரி எதுன்னு சொல்றது வேற டிபார்ட்மென்ட்."

ஊமைத் தோட்டம்

சினிமாப் பாட்டை நிறுத்தினேன். ஆறு மணியை நிறுத்தவில்லை. ஒருநாள் விட்டால் அடுத்த நாள் அந்த நேரத்தை வேறு ஏதாவது வந்து பிடித்துக்கொள்ளும் என்ற பயம், அதற்கு மேல் பிடிவாதம். அதனால் ரோசாத் தோட்டப் படம் மட்டும் சத்தமில்லாமல் நின்றது. லைன் வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் பாட்டே இல்லை.

மூன்றாம் நாள் மெஸ் நடத்தும் ராஜம்மாள் கரண்டியும் கையுமாக வந்துவிட்டார். "ஏனுங்க, நொம்ப நேரமா அந்தத் தோட்டத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறோம், செடி வளருதான்னு பாக்கறதுங்களா?"

சொந்தக்காரர் இல்லாத பாட்டு

கம்பெனி பிறப்பதற்கு முன்பே பிறந்த பாட்டு எத்தனை இருக்கிறது! டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிராமமான தலைச்சோலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அங்கே பெண்ணின் சித்தி வெள்ளையம்மாள், மாப்பிள்ளையின் அம்மாவை நிற்க வைத்துக் கேலிப் பாட்டுப் பாடினார். சம்பந்தியம்மாவின் மூக்கு, நடை, அவர் வைக்கும் ரசம் ஒன்றையும் விடவில்லை. பந்தலே சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்தார். அந்தச் சம்பந்தியம்மா வேறு யாருமல்ல, நம் மெஸ் ராஜம்மாள்தான்.

மறுநாள் ஆறு மணிக்கு அதைப் போட்டேன். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டி.வி.யைப் பார்த்தார்களாம், பிறகு இலையில் இருந்த ரசத்தைப் பார்த்தார்களாம். ராஜம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, மருமகளைத் தாய்வீட்டுக்கு மறுவீடு அனுப்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அங்கே தலைச்சோலையில் விருந்துக்குக் கோழி பிடித்துக் கட்டியாயிற்று. வெள்ளையம்மாள் நேராக என் அறைக்கு வந்தார். சட்டம், காப்புரிமை எதுவும் பேசவில்லை. "பந்தல்ல பாடுனது பந்தலோட போச்சுங்க. எம்பட பாட்டை ஊடு ஊடாப் போடச் சொல்லி நான் உங்ககிட்ட சொன்னேனுங்களா?"

கேசட் கம்பெனி ஆள் வளைவேறி வந்து சொன்னதும் இதுதானே!

எதிர்ப்பாட்டு

அந்தப் பெண் மறுவீடு போகாவிட்டால் பாவம் என் தலையில்தான். வெள்ளையம்மாளை அழைத்துக்கொண்டு மெஸ்ஸுக்கே போய், "தப்பு என்னுதுங்க, இந்த அம்மாவுக்குத் தெரியாதுங்க" என்றேன். அப்போதுதான் ராஜம்மாளிடமிருந்து விஷயம் வெளியே வந்தது. அவர் கோபம் பாட்டு வந்ததில் இல்லை. பந்தலில் அவரும் எழுந்து எதிர்ப்பாட்டுப் பாடி வெள்ளையம்மாளை ஒரு வழி பண்ணியிருந்தார். நேரம் போதவில்லை என்று அதை நான் வெட்டிவிட்டேன்.

எதிர்ப்பாட்டையும் போட வெள்ளையம்மாள் அங்கேயே சம்மதித்தார். முதல் பாட்டை மறுபடி போட ராஜம்மாளும் சம்மதித்தார். அன்று ஆறு மணிக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மறுநாள் காலை பஸ்ஸில் பெண்ணும் மாப்பிள்ளையும் தலைச்சோலைக்குக் கிளம்பினார்கள். அதன்பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இரண்டு பக்கத்தின் சம்மதத்தையும் கேட்டுக்கொண்டுதான் டேப்பை அழுத்தினேன். ஆறு மணியும் நிற்கவில்லை. அந்தக் காலை பஸ்ஸை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய ராஜம்மாள் என் வாசலில் நின்று சொன்னார்: "இனிமே வெட்டறதுன்னா ரெண்டையும் சமமா வெட்டுங்க, இல்லாட்டி உங்க ஒயரை நானே வெட்டிப்புடுவேன்."

பாட்டுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து திட்டுகிற தூரத்தில் இருந்தால், எந்தக் காப்புரிமைச் சட்டத்துக்கும் நான் கைகட்டிக் கட்டுப்படுவேன்.