முனைவர் பட்டம் போனவருக்கு ஒரு தூக்கு குழம்பு

பட்டிமன்ற நடுவர் முனைவர் சுப்புராயன் முனைவரே இல்லை, பத்தாம் வகுப்பே தேறாதவர் என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, நொச்சிக்குப்பம் சந்திரிகா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். பெயர் தெரியாத ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷமாக ஊரை ஏய்த்திருக்கிறார். மறுநாளே ஆளாளுக்குக் கேலிப்படம் போட்டுக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அவர் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான் முதலில் கிழித்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சந்திரிகாவுக்கு இது வெறும் ஊர்ச் செய்தி இல்லை. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் உள்ள ஓர் அரங்கத்தில் பெருக்கி, நாற்காலி போட்டு, பேச வருகிறவர்களுக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். அங்கே வந்துபோன பெரிய மனிதர்களில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியவர் சுப்புராயன் ஒருவர்தான். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். எப்போது வந்தாலும், டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "பத்தாவது எழுதினியாம்மா?" என்பார். அந்த நச்சரிப்பு தாங்காமல்தான் தனித்தேர்வராக எழுதினாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவள் தேறிய சேதி தெரிந்த அன்று, தனக்குப் போட்ட பொன்னாடையை மேடையிலேயே அவள் தோளில் போர்த்தி, மைக் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். இன்று மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளியில் அவள் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் அவளையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதனால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. பட்டம் போலி என்றால் அந்த அழுகையும் போலியா? அவர் போட்ட வேஷத்துக்குத் தானும் ஒரு ஜோடனையா?

"அந்தாளு உன்ன மேடைல ஏத்தி பேர் வாங்கிக்கினான். நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த புருஷன் கதிரேசன்.

"அத்த அவராண்டயே கேட்டுக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள், கையில் ஒரு தூக்கு நெத்திலிக் குழம்போடு. சண்டை போடப் போகிறவளுக்குத் தூக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். வெறுங்கையோடு ஒருவர் வீட்டுப் படியேறி அவளுக்குப் பழக்கமில்லை.

கோபாலபுரம் வீட்டில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. நாலு நாள் தாடியோடு அவரே கதவைத் திறந்தார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னாத்துக்கு சார் இப்டி பண்ணீங்க?"

பேச்சையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் மேடைக் குரலை விட்டுவிட்டுச் சொன்னார்.

"ஆரம்பத்துல மேடைக் கடைசியில மடக்கு நாற்காலிதான்மா எனக்கு. பந்தியில, அந்தத் தம்பிக்கு அப்புறம் இலை போடலாம்பாங்க. ஒரு சங்கத்து ஆண்டு விழா. நோட்டீஸ்ல மத்த எல்லாருக்கும் முனைவர்னு இருந்துச்சு. எனக்கு மட்டும் விட்டுப்போச்சுன்னு நினைச்சு அச்சுக்காரரு அவராவே சேர்த்துட்டாரு. அன்னைக்கு நடுநாற்காலியில உக்கார வச்சாங்க. தலைவரு எழுந்து நின்னு கும்பிட்டாரு. மைக்கைப் பிடிச்சு, தப்பா போட்டுட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசு வரலம்மா."

அப்புறம் எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பட்டத் தாள்.

"பத்தாவதயாவது எழுதித் தொலச்சிருக்கலாமில்ல?"

"முனைவரு எப்படிம்மா பத்தாவது பரீட்சை ஹால்ல போய் உக்காருவாரு? என்னால முடியாதத உன்னைப் போட்டுப் படுத்தினேன். நீ பாஸானப்ப நானே பாஸான மாதிரி இருந்துச்சு. அதான் அழுதேன். உனக்காக அழுதேன்னு நீ நினைச்சிட்ட."

கோபம் பொத்துக்கொண்டு வரும் என்று சந்திரிகா எதிர்பார்த்தாள். வரவில்லை. அந்த அழுகை நிஜம்தான். மனிதர் தனக்காகவே அழுதிருந்தால்தான் என்ன, அதில் எனக்கும் பங்கு கிடைத்திருக்கிறதே என்று நினைத்தபோது, அவர்மேல் நன்றி பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க பண்ணது தப்பு சார். ஒரு பத்தாவதுக்கே நான் இன்னா பாடுபட்டேன்? அத்த எவனாவது சும்மா வாங்கிக்கினு வந்தா எனக்கு எரியுமா எரியாதா? ஆனா நீங்க கேட்டுக்கினே இருந்திருக்கலன்னா, நான் இன்னமும் அங்க நாற்காலிதான் தூக்கிக்கினு இருப்பேன். அப்ப வாய் வரல. இப்ப சொல்றேன், ரொம்ப நன்றி சார்." குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார்.

"சேச்சே, இன்னைக்கு யாரும் என் காலைத் தொடக்கூடாதும்மா."

"செரி, தொடல. அதான் முனைவர் போயிட்சே, இனிமே இன்னா தட? போய் எழுதுங்க."

"அறுபத்தாறு வயசுல? கேட்டுல எத்தனை பேரு போனோட நிப்பான் தெரியுமா?"

"நானும் வந்து நிக்கறேன். எவன் போனத் தூக்கினு வரான்னு பாத்துடலாம்."

அவர் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"எனக்குக் கணக்குலதாம்மா போச்சு," என்றார். "இப்ப பாடமெல்லாம் மாத்திட்டாங்களா?"