பொம்மையை வாங்கிக்கொண்ட ஸ்டெல்லா

நான் போர்ட் பிளேரில் நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கற்பிக்க ஒரு மிஷன் என்னைத் தேர்ந்தெடுத்தது. புறப்படுமுன் அதே ஊரில் பத்துபஸ்தி பகுதியில், தேவாலயத்தை ஒட்டிய ஹாலில் பயிற்சி நடந்தது.

ஆப்பிரிக்காவில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டர் ஒருவர் என்னிடம் ரப்பர் பொம்மையைக் கொடுத்தார். பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையைக் காப்பாற்றும் முறையைப் பிசகில்லாமல் செய்துகாட்டினேன்.

"நல்லாச் செஞ்சீங்க. ஆனா குழந்தை பிழைக்கல. மாணவிங்க உங்களையே பாக்குறாங்க. இப்ப என்ன செய்வீங்க?" என்றார்.

எனக்குக் கற்றுத்தந்தபடியே பொம்மையைத் தலையோடு சேர்த்துத் துணியில் சுற்றி, வெளியே கொண்டுபோகத் திரும்பினேன்.

தாயாக நடிக்கக் கட்டிலில் படுத்திருந்தவள் ஸ்டெல்லா. நிக்கோபார் தீவில் கேம்பல் பேயிலிருந்து வந்திருந்த நர்ஸ், என்னோடு தேர்வானவள். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ருக்கோ சிஸ்டர், நில்லுங்க. என் புள்ளையையும் இப்படித்தான் கொண்டுபோனாங்க. நானும் நர்ஸ்தான், ஆனா யாரும் ஒண்ணும் சொல்லல. மூஞ்சியக்கூட நான் பாக்கல."

அவள் நடிக்கவில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பொம்மையை வாங்கி, துணியை விலக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இருவரும் சேர்ந்தே ஆப்பிரிக்கா வந்தோம். இறந்த குழந்தையைத் தாயின் கையில் கொடுப்பது எப்படி என்று இங்கே மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறவள் ஸ்டெல்லாதான். அந்த வகுப்பில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். போர்ட் பிளேர் பிரசவ வார்டில் நான் துணி சுற்றிக் கொண்டுபோன குழந்தைகளின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவர்களுடைய அம்மாக்கள் அந்த முகங்களைப் பார்த்ததே இல்லை.