பரிசலுக்கு ஓர் ஈரச்சாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட்டில் அசோசியேஷன் மீட்டிங். விஷயம்? வேறென்ன, பார்க்கிங்தான். எனக்கும் எதிர் ஃப்ளாட்காரருக்கும் ஒரு தூண் பக்கத்து இடத்துக்காக நெடுநாள் தகராறு. அவரோ மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார். எதிரி இல்லாத மீட்டிங்கில் என்ன சுவாரசியம்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பிவிட்டேன்.

வடகரப்பதியைத் தாண்டிப் போனால் ஓர் அணை. பெயர் வேண்டாம்... கேஸ் நடக்கிறது. இந்தக் கரை கேரளா, அந்தக் கரை தமிழ்நாடு. பேச்சு மட்டும் இரண்டு கரையிலும் ஒரே கோயம்புத்தூர்த் தமிழ். ஞாயிறானால் கோவையிலிருந்து வேனும் காருமாக ஜனம் வந்து இறங்கும். அணையைப் பார்க்க வந்தோம் என்பார்கள். நம்பாதீர்கள். வருவது மீனுக்கு. தண்ணீர் வெறும் சைடு டிஷ்.

நான் வழக்கமாகச் சாப்பிடுவது ருக்மணி அக்கா கடையில். அன்றைக்குப் போனால் அடுப்பு எரியவில்லை. வாணலி கவிழ்ந்து கிடக்கிறது. வேனில் வந்த ஒரு குடும்பம் மீன் இல்லை என்றதும் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது. பரிசல் சவாரிக்காரர்கள் மரத்தடியில் சீட்டாடுகிறார்கள்.

என்ன ஆச்சு? அக்கா சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் இந்தக் கரைப் பக்கம் முழங்கால் ஆழம்தான். மீனெல்லாம் அந்தக் கரை ஆழத்துக்குப் போய்விடும். அவர்கள் பிடிப்பார்கள், இவர்கள் வாங்கி வறுப்பார்கள். இத்தனை காலமும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் தண்ணீரில் எல்லை எது என்று பேச்சு கிளம்பி, பேச்சு கைகலப்பாகி, இந்தக் கரை மீனவர் சங்கம் புகார் கொடுக்க, அந்தக் கரை ராசுவின் பரிசலைப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். புகாரில் முதல் கையெழுத்து யாருடையது? அக்காவின் வீட்டுக்காரர் வேலுச்சாமியுடையது. பதிலுக்கு அந்தக் கரை கட்டுப்பாடு போட்டுவிட்டது... இனி இந்தக் கரைக்கு மீன் கிடையாது.

ஐஸில் வைத்த கடல் மீனை வாங்கி டேம் மீன் என்று வறுத்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அக்கா பார்த்த பார்வையில் நானே வறுபட்டுப் போனேன்.

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கறேனுங்க சார். அப்பறம் கடையச் சாத்திட்டு மில்லு வேலைக்குத்தான்."

வேலுச்சாமி ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறொரு சோகம். முந்தின நாள் சாயங்காலம் கணவாய்க் காற்று. எங்கள் பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிளம்பினால் ஸ்கூட்டரோடு ஆளைத் தள்ளும். நாலு மீனாவது விழட்டும் என்று அவர் போட்டிருந்த புது வலையைப் பிய்த்துக்கொண்டு போய் அந்தக் கரையில் ஒதுக்கிவிட்டது. போய்க் கேட்கிற முகமா இருக்கிறது?

வலை அம்பேல் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் பார்க்கிங் சண்டைக்கே டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிற ஆட்கள் உண்டு.

அப்போதுதான் அந்தக் கரையிலிருந்து ஒரு பரிசல் வந்தது. ராசு என்று யாரோ சொன்னார்கள். சீட்டாட்டம் நின்றது. வேன் குடும்பம் செல்போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. சண்டை என்றால் நமக்குப் பசி மறந்துவிடுகிறதே.

தம்பியின் பரிசலை இரவல் வாங்கி வந்திருக்கிறார் ராசு. கரையில் கால் வைக்கவில்லை. பரிசலில் இருந்தபடியே வலையை எடுத்துக் கரையில் வைத்தார். அலசி, சிக்கெடுத்து, பதவிசாக மடித்த வலை. பக்கத்தில் ஈரச்சாக்கு நிறைய மீன். கட்லாவும் ஜிலேபியும்.

"வலை உங்களுதுங்க. உழுந்த மீனும் உங்களுது."

அங்கே அதுதான் வழக்கமாம். வலை எந்தக் கரையில் ஒதுங்கினாலும் மீன் வலை போட்டவருக்கு. நடுவில் சண்டை இருக்கிறதா, சமாதானமா என்பதெல்லாம் பேச்சே இல்லை.

ராசு உடனே திரும்பவில்லை. எதையோ கேட்கத் தயங்கினார்.

"எம் பரிசலு ஸ்டேஷன் வாசல்ல கெடக்குது. இந்த வெயிலுக்குப் பூசுன தாரு உருகிரும், மூங்கிலு வெடிச்சிருமுங்க. ஆராச்சும் ஒரு ஈரச்சாக்குப் போட்டு..."

வேலுச்சாமி முடிக்க விடவில்லை.

"காலைல சாக்கு மாத்திட்டுத்தான் வந்தேனுங்க. தெனமும் மாத்தறேன்."

புகார் கொடுத்தவர். முதல் கையெழுத்துப் போட்டவர். அவரே தினமும் சைக்கிள் மிதித்து ஸ்டேஷனுக்குப் போய், தான் பிடித்துக் கொடுத்த பரிசலுக்குச் சாக்கை நனைத்துப் போர்த்திவிட்டு வருகிறார். ருக்மணி அக்காவுக்கே தெரியாதாம். ஸ்டேஷனில் என்ன நினைத்துக்கொண்டார்களோ.

அப்படியானால் கேஸ் வாபஸா என்று நான்தான் அசடு மாதிரி கேட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். கேஸ் நடக்கும் என்றார் வேலுச்சாமி. நடக்கட்டும் என்றார் ராசு.

அண்ணாந்து பார்க்க வைக்கிற கோபுரங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. ஸ்டேஷன் வாசலில் கிடக்கும் ஒரு பரிசலை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

சுதாரித்துக்கொண்டது அக்கா மட்டும்தான். நாளைக்கு மீன் தருவீர்களா என்று நேராகக் கேட்டார். இந்தக் கரைக்கு விற்கக் கூடாது, ஊர்க் கட்டுப்பாடு என்று ராசு தலையைக் குனிந்துகொண்டார்.

"கரைக்குத்தானுங்க கட்டுப்பாடு? நடுத்தண்ணிக்கு ஒண்ணும் பேசலீங்களே. இவரு அங்க வருவாரு. நீங்க தராசோட வந்துருங்க."

ராசு கொஞ்சம் யோசித்தார். துடுப்பைப் போட்டுத் திரும்பும்போது தலையை மட்டும் ஆட்டினார். அது போதும். அக்கா வாணலியை நிமிர்த்தினார்.

வேன் குடும்பம் பிஸ்கட்டைப் பைக்குள் போட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டு, அடுத்த ஞாயிறும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனது. நான் சாப்பிட்டதை விவரித்தால் உங்கள் வயிறு எரியும், விட்டுவிடுகிறேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நமக்குச் சண்டை என்று வந்தால் அந்த ஆளோடு மட்டுமா சண்டை? அவர் வண்டி, அவர் நாய், அவர் வீட்டுக் காலிங் பெல்... எல்லாவற்றோடும்தானே? அந்த இரண்டு பேரும் தண்ணீருக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். வலையும் பரிசலும் என்ன பாவம் செய்தன?

வீட்டுக்கு வந்தால் எதிர் ஃப்ளாட் வாசலில் தொட்டிச் செடிகள் வாடித் தலை தொங்கிக் கிடந்தன. ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து ஊற்றினேன்.

தூண் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.