வீடியோ காலில் வெட்டிய பூசணிக்காய்

போன ஐப்பசியில் என் மகள் எனக்கு மூன்று கட்டளை போட்டாள். பள்ளிக்கூடத்துக்கு வந்து சாமி கும்பிடக் கூடாது. குங்குமச் சிமிழைக் கொண்டுவரக் கூடாது. எல்லார் முன்னாலும் அவளை ஊர்ப் பேச்சில் ஏட்டி என்று கூப்பிடக் கூடாது. மூன்றுக்கும் சரி என்று தலையாட்டினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் மூன்றையும் மீறிவிட்டேன். பிள்ளையார் சாட்சியாகச் சொல்கிறேன், ஒன்றைக்கூட வேண்டுமென்று மீறவில்லை.

அந்த வருடம் ஜூனில்தான் அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துப் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடம். அங்கே பாடம் இங்கிலீஷ், பேச்சு மலையாளம். இவளுக்கு இரண்டும் வரும், ஆனால் வாயைத் திறக்க வெட்கம். சிநேகிதிகளுக்கும் கொடுக்கட்டும் என்று தினமும் சாப்பாட்டு அடுக்கில் இரண்டு வடை கூடுதலாக வைப்பேன். சாயங்காலம் அடுக்கைக் கழுவத் திறந்தால் அந்த இரண்டும் அப்படியே இருக்கும். நாலு மாதம் அந்த ஆறிப்போன வடைகளை நானே தின்று தீர்த்தேன். அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று அவள் சொல்லவில்லை. வடை சொல்லிற்று.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஹாலோவீனாம். பூசணிக்காயைக் குடைந்து பேய் முகம் செதுக்குகிற போட்டியாம். இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டுமாம். பக்கத்து பெஞ்சில் இருக்கும் உயரமான ஒரு மலையாளத்துப் பெண் தானாக வந்து, நாம் சேரலாமா என்று இவளைக் கேட்டாளாம். அதைச் சொல்லும்போது என் மகளுக்கு மூச்சு வாங்கியது.

பேயைக் கூப்பிட்டு விளக்கு வைப்பது என்ன பழக்கம் என்று எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பழவங்காடியில் கணபதி கோயில் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். உடைக்கிற தேங்காய், அருகம்புல் மாலை, கண் திருஷ்டிக்குக் கட்டும் பூசணிக்காய், எல்லாம் அங்கே உண்டு. அவர் சிரித்துவிட்டார்.

"நம்ம கடையில முழியும் மீசையும் வரஞ்சு விக்கிறோமே, அதேதாம்ளா இது. நம்மது வெள்ளை, அவங்களது மஞ்சள். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

மனசு லேசாகிவிட்டது. ஆனால் போட்டிக் காகிதத்தை மகள் வாசித்துக் காட்டியபோது திரும்பவும் கனத்தது. முகத்தைப் பிள்ளைகள்தான் வரைய வேண்டும். கத்தி பிடிப்பது மட்டும் கூட வரும் அம்மாவோ அப்பாவோ. போட்டி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கணபதி கோயில் பக்கம் கடையை விட்டு அவர் அசைய முடியாது. அந்த உயரமான பெண்ணின் அம்மாவும் வர முடியாதாம். ஆக, கத்தி என் கையில்.

எங்கள் வீட்டில் முழுப் பூசணிக்காயில் பெண்கள் கத்தி வைக்க மாட்டோம். வீட்டு ஆண்பிள்ளை முதலில் ஒரு கீறல் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் சாம்பாருக்கோ எரிசேரிக்கோ நாங்கள் எப்படி வேண்டுமானாலும் நறுக்குவோம். மீறினால் வீட்டு ஆம்பளைக்கு ஆகாது என்பார்கள். ஏன் என்று நான் எங்கம்மாவிடம் கேட்டதில்லை. அவர்களும் அவர்கள் அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம், ஒரு தடவைகூட நான் மீறியதில்லை. அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம், வாங்கி வைத்த பூசணிக்காய் அடுக்களை மூலையில் அவருக்காகக் காத்துக்கொண்டு கிடந்ததும் உண்டு.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் கடைக்குக் கிளம்பும் முன்னால் காயை அவர் முன் வைத்தேன். அவர் பிள்ளையாரை நினைத்து உச்சியில் ஒரு கீறல் போட்டார். நான் அதில் குங்குமம் தடவினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எனக்கே பெருமை. மத்தியானம் கொட்டுகிற மழையில் காயைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் காயைப் பார்ப்பதுமாக வந்தார்.

பள்ளிக்கூட ஹாலில் இருபது மேசைகள். நான் போவதற்குள் எங்கள் மேசையில் அந்த உயரமான பெண் கம்பளி நூல், பஞ்சு, மினுமினுக்கும் காகிதம் எல்லாம் பரப்பி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நல்ல வளர்ப்பு. அதற்குள் டீச்சர் ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் காயைத் தூக்கினார். கீறலைப் பார்த்தார். குங்குமத்தைத் தொட்டு மோந்துகூடப் பார்த்தார். வெட்டிய காய் கூடாது, முழுக்காய்தான் வேண்டும் என்று மலையாளத்தில் தன்மையாகத்தான் சொன்னார். எங்கள் காயை எடுத்துக்கொண்டு, மேசைக்கடியில் அடுக்கியிருந்ததிலிருந்து முழுசாக ஒன்றைத் தூக்கி வைத்தார். மணியும் அடித்துவிட்டது. ஒரு மணி நேரம்தான்.

பிள்ளைகள் இருவரும் மளமளவென்று காயின்மேல் முகத்தை வரைந்துவிட்டார்கள். உருட்டு விழி, கோணல் வாய். நான் கத்தியை எடுத்தேன். வைத்தேன். துணியால் துடைத்தேன். மறுபடி எடுத்தேன். கை இறங்கவில்லை. சுற்றிலும் அம்மாக்கள் சரக் சரக்கென்று மூடியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் போயிற்று. ஆண் வாடையே இல்லாத இடம். வாசலில் நின்ற வாட்ச்மேன் அண்ணாச்சியும் சாப்பிடப் போயிருந்தார். அவர் இருந்திருந்தாலும் வீட்டு ஆம்பளை கை அல்லவா வேண்டும்.

அந்தப் பெண் என் மகளிடம் கேட்டாள், "ஆன்ட்டிக்குப் பேடியாணோ?"

பயமா என்கிறாள். என் மகளின் தலை மெதுவாகக் குனிந்தது. அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்ததும் எனக்கு நாலு மாதத்து வடையும் ஞாபகம் வந்தது. இன்றைக்கு நான் சொதப்பினால் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி இவள் தனியாகத்தான் உட்காருவாள்.

"வெட்டும்மா, ப்ளீஸ்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் போனை எடுத்து அவருக்கு வீடியோ காலில் அடித்தேன். பின்னால் தேங்காய் உடைகிற சத்தம், ஆட்கள் நெரிசல், நடுவில் அவர் முகம். விஷயத்தைச் சொன்னேன். மனிதர் ஏன் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலைக்கு நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். கடையில் தொங்கிய திருஷ்டிப் பூசணி ஒன்றை இறக்கித் தராசுமேல் வைத்தார். தேங்காய் வெட்டுகிற கத்தியை எடுத்தார்.

"போனைக் காயைப் பார்த்துப் பிடி. நான் இங்க வைக்கும்போது நீ அங்க வையி. கை உன்னதுதாம்ளா. வெட்டு என்னது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்ற அவசரத்தில் ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்: "ஏட்டி, போனைப் பிடி. என் பையில சிமிழ் இருக்கு, எடு."

ஒரே மூச்சில் இரண்டு கட்டளை காலி. சிமிழை நான் கொண்டுவரவில்லை, அது எப்போதும் பையில் இருப்பது. என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் பூசணிக்காயே வெந்திருக்கும். ஆனாலும் சிமிழை எடுத்துக் கொடுத்துப் போனைப் பிடித்தாள். நான் காய்க்கு ஒரு பொட்டு வைத்தேன். அவர் கண்ணை மூடி, கணபதியே என்றார். அங்கே வெள்ளைப் பூசணியில் கத்தி இறங்கியது, இங்கே மஞ்சள் பூசணியில் என் கத்தி இறங்கியது. போனுக்குள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள். மாலை வாங்க நின்றவர்கள்.

மூன்றாவது மேசையில் ஒரு மாமி, வலியசாலை அக்ரகாரத்திலிருந்து வந்தவர், நான் கவனித்தவரை அவரும் கத்தியைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். இப்போது காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடியே வந்தார்.

"மாமா லைன்ல இருக்காரோன்னோ? எங்களுக்கும் ஒண்ணு போட்டுடச் சொல்லுங்கோ. எங்காத்துக்காரர் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கார், போனையே எடுக்க மாட்டேங்கறார்."

வீட்டு ஆம்பளை கை என்ற சட்டம் என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை, மாமியும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மாமிக்கு ஒரு கீறல் போட்டார். பிறகு நாகர்கோவில்காரி ஒருத்தி வந்தாள். அதைப் பார்த்து, என்னவோ நல்லது நடக்கிறது என்று மலையாளத்து அம்மாக்கள் இரண்டு பேர், மூடியை ஏற்கெனவே அறுத்துவிட்ட காயோடு வந்து நின்றார்கள். சேட்டா, அதாவது அண்ணா, எங்களுக்கும் என்றார்கள். அவர் உற்சாகம் தாங்காமல் எல்லாருக்கும் போட்டார். அந்த வெள்ளைப் பூசணி வரிக்குதிரை மாதிரி ஆகிவிட்டது.

என்ன கூட்டம் என்று டீச்சர் வந்தார். அந்த உயரமான பெண்தான் முன்னால் வந்து, ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்:

"டீச்சரே, மத்தங்கா உத்காடனம்."

மத்தங்கா என்றால் இந்த ஊரில் மஞ்சள் பூசணி, உத்காடனம் என்றால் திறப்பு விழா. திறப்பு விழா வைக்காமல் இந்த ஊரில் ஒரு தெருக்குழாயைக்கூடத் திருக மாட்டார்கள். டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. ஓஹோ என்று தலையை ஆட்டி, போனில் தெரிந்த என் வீட்டுக்காரருக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். சிரிப்பு.

அப்புறம் எங்களைப் பிடிக்க ஆளில்லை. உள்ளே இருந்த சதையை நான் வழித்தெடுத்தேன். விழியை வட்டமாகக் குடைந்தேன். பிள்ளைகள் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தேங்காய் நாரில் முறுக்கு மீசை ஒட்டினார்கள். நெற்றியில் இரண்டு வற்றல் மிளகாய் கொம்பு. பல்லுக்கு என்ன செய்ய என்று முழித்தபோது, அடுக்களைக்காரிக்கு இதுகூடவா தெரியாது என்று என் பையில் கிடந்த பூண்டை உரித்துக் கோணல் வாயில் வரிசையாகக் குத்தினேன். பேய்க்கே பூண்டுப் பல். மற்ற மேசைகளிலும் என்னென்னவோ முளைத்தது. ஒரு காய்க்குத் தலை முழுக்க ஆஸ்பத்திரித் துணிக்கட்டு, நடுவில் ஒரு கண் மட்டும். ஒன்று கறுப்புச் சாயம் பூசிப் பூனைக் காது வைத்தது. மாமியின் பேய் பெண் பேய். மூக்குத்தி, ஜிமிக்கி, தலைகொள்ளாத மல்லிகை. பேயாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூ இல்லாமல் எப்படி என்றார் மாமி.

கடைசியில் ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். எல்லாரும் உள்ளே மெழுகுவத்தி வைத்தார்கள். நான் அகல் கொண்டு போயிருந்தேன். நல்லெண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றினேன். உருட்டு விழி வழியாக மஞ்சள் வெளிச்சம் வந்து மீசை மேலே ஏறியது. என் கை தானாகக் குவிந்துவிட்டது. பக்கத்தில் பட்பட்டென்று சத்தம், மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது பேய்ம்மா" என்றாள் என் மகள்.

"இருக்கட்டும்ட்டி. விளக்கு விளக்குதானே."

அவளுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அந்த உயரமான பெண்ணும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். பரிசு கிடைக்க வேண்டிக்கொண்டாளாம். கிடைக்கவில்லை. முதல் பரிசு துணிக்கட்டுப் பேய்க்குப் போனது, நியாயம்தான். அவர்கள் இரண்டு பேரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆளுக்கொரு பூண்டைப் பிடுங்கிப் பல்லில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள்.

இருபது மேசையிலும் வழித்துப் போட்ட நல்ல சதையை வீணாக்க மனசு வரவில்லை. கேட்டு வாங்கித் தூக்குவாளி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை நெய் விட்டு அல்வா கிண்டினேன். திங்கட்கிழமை வடைக்குப் பதில் ஒரு டப்பா அல்வா கூடுதலாக வைத்து அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பிள்ளையாரிடம் இரண்டு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அடுக்கை அவள் கையிலிருந்து வாங்கியதும் திறந்தேன். டப்பா வழித்துக் காலியாக இருந்தது. உள்ளே எங்கள் வீட்டு ஸ்பூனோடு இன்னொரு ஸ்பூன் கிடந்தது. பிடியில் நீலப் பூப் போட்டது. எங்கள் வீட்டுது இல்லை.

"அது அவளோடது. மறக்காம நாளைக்கு வச்சுவிடும்மா" என்று சொல்லிவிட்டு அவள் உடுப்பு மாற்றப் போய்விட்டாள்.

நான் அதைக் கழுவித் துடைத்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒரு பொட்டுக் குங்குமமும் வைத்தேன். காலையில் அடுக்கில் போடும்போது கட்டளை ஞாபகம் வந்து, பொட்டை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டேன்.