பதினோராவது வரி

“அவனைப் பற்றி உனக்குத் தெரியுமா, இல்லை பேசத்தான் தெரியுமா?”

எங்கள் மேலாளர் இதைக் கேட்டபோது நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். கொல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு பள்ளிக்கூடக் கதை சொல்ல, நானும் என் கதையைச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. தலைப்பு மன உறுதி. யூதர்களைக் கொன்று குவித்த ஜெர்மன் சர்வாதிகாரியைத்தான் அதில் உதாரணமாக வைத்திருந்தேன். ஓவியனாகத் தோற்றவன் ஒரு நாட்டையே கைக்குள் கொண்டுவந்தான், உங்களால் முடியாதா என்று பேச்சு முடியும். நடுவில் ‘சில தவறுகள் செய்தாலும்’ என்று ஓர் அரை வரி. அறுபது லட்சம் பேரை அந்த அரை வரியில் தாண்டியிருந்தேன். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சாத்தூர் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்குகிறவர், கைநாட்டு. அதனால் ‘உனக்குத் தெரியுமா’ என்று யார் கேட்டாலும் என் படிப்பையே சந்தேகப்படுவதாகத் தோன்றும். அன்றைக்கும் அப்படித்தான் தோன்றியது. சார் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கை கழுவப் போய்விட்டார்.

டாக்குரியாவில் நாங்கள் மூன்று தமிழ்ப் பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். மூவருக்கும் சாரின் கீழேதான் வேலை. ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் தாமதமானாலும் கடிகாரத்தைப் பார்ப்பார். அன்று மாலை நான் அவருக்கு அந்தச் சர்வாதிகாரியின் பெயரையே வைத்தேன்.

“ஏட்டி, எங்க ஹெச்.எம்.முக்கும் இதே பேருதான்,” என்றாள் திருநெல்வேலிக்காரி. “ஊருக்கு ஒண்ணு இருக்கும் போல.”

பெயர் ஒட்டிக்கொண்டது. நாங்கள் தமிழில் பேசுவது அவருக்குப் புரியாது என்று தைரியம். பெயருக்கு மொழி கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று வருடம் அந்தப் பெயர் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற நாளில், கல்லூரிப் பிரிவு விழாவில் செய்வதுபோல எல்லோருக்கும் வேடிக்கைப் பட்டம் கொடுத்தோம். அவருக்கான கேக்கை நான்தான் சொல்லி வைத்தேன். மேலே அவர் முகம், மூக்கின் கீழ் சாக்லேட்டில் சின்னச் சதுர மீசை. பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கத்தியை வாங்கி, மீசையை மட்டும் பக்குவமாக நெம்பி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு கேக்கை வெட்டி முதல் துண்டை என்னிடம் நீட்டினார். “சாப்பிடு,” என்றார். சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அவருடைய பி.எஃப். படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது. என்னை அனுப்பினார்கள். கரியாஹாட் சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் அவர் வீடு. வழியில் நடைபாதைக் கடையில் தன்னம்பிக்கைப் புத்தகங்களோடு சேர்த்து அந்தச் சர்வாதிகாரியின் புத்தகத்தையும் அடுக்கியிருந்தார்கள். தினமும் பார்ப்பதுதான். அன்றும் பார்த்துக்கொண்டே கடந்தேன்.

சார் கண்ணாடியைத் தேடி உள்ளே போனபோது கூடத்துச் சுவரைப் பார்த்தேன். சட்டம் போட்ட ஒரு காகிதம். பழுப்பு மையில் பதினொரு வரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பக்கத்தில் வயது. எழுபத்தொன்று, நாற்பது, ஒன்பது. கடைசி வரியில் பெயரோ வயதோ இல்லை, வேற்று மொழியில் ஏதோ எழுதியிருந்தது.

“என் அம்மாவின் கையெழுத்து,” என்றார் சார், பின்னாலிருந்து. “வியன்னாவிலிருந்து எட்டு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் இங்கே வந்தாள். நாங்கள் யூதர்கள். இவர்கள் அங்கேயே நின்றுவிட்டவர்கள்.”

“கடைசி வரி, சார்?”

“‘அக்காவின் குழந்தை.’ குழந்தை பிறந்திருக்கிறது, பெயரை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்று அம்மாவின் அக்கா எழுதியிருந்தாள். அடுத்த கடிதம் வரவில்லை.”

வருடத்தில் ஒருநாள் இதை உரக்கப் படிப்பார்களாம். கடைசி வரிக்கு வரும்போது அம்மா கொஞ்சம் நிறுத்துவாராம், யாராவது பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் இப்போது சாரும் மனைவியும் மட்டும் படிக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “வரேன் சார்,” என்று ஆங்கிலம் மறந்து தமிழில் சொல்லிவிட்டு இறங்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நான் செய்தது தெரிந்துவிடும் என்று பயந்தேன், ஏதோ அவருக்கு இன்னும் தெரியாததுபோல.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் அப்பா வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். என் பள்ளிக்கூட மேடை. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி என் பேச்சைப் பேசுகிறாள். பழைய பேச்சுகளை நோட்டில் ஒட்டி வைத்து, வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களாம். ‘சில தவறுகள் செய்தாலும்’ என்ற இடத்தில் நான் கையை வீசியதுபோலவே அவளும் வீசுகிறாள். கொன்றவனை நாங்கள் பெயரோடு, கைதட்டலோடு ஞாபகம் வைத்திருக்கிறோம். அந்த ஏற்பாட்டில் என் கையும் இருக்கிறது. அப்பா பட்டினி கிடந்து படிக்கவைத்த படிப்பால் நான் செய்து வைத்த வேலை இது. இந்தக் குறிப்பில் அவன் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் அதுதான்.

அன்றிரவே அப்பாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பேச்சின் முதல் நான்கு வரி அவருக்கு மனப்பாடம். வருகிறவர்களிடம் டி.வி. மேல் இருக்கும் பரிசுக் கப்பைக் காட்டிச் சொல்லுவார்.

“பச்சப்புள்ளயுமா?” என்றார்.

“ஆமாப்பா.”

“இம்புட்டு நாளா வாரவன் போறவன்ட்டல்லாம் சொல்லிட்டனே, தாயி. அந்தக் கப்ப என்ன செய்ய?”

மறுநாள் சாரிடம் போனில் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். “கேக் நன்றாகத்தான் இருந்தது,” என்றார். ஊரில் என் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, “சொல். என் பெயர் வேண்டாம்,” என்றார். பிறகு ஒவ்வொரு பெயரையும் எப்படி உச்சரிப்பது என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். தமிழில் எழுதிக்கொண்டேன். அவனைப் பற்றித் தெரியுமா என்று அவர் கேட்டதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பத்துப் பெயர்கள் தெரியும். ஒன்று தெரியாது என்பதும் தெரியும்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். இதை ஹௌராவிலிருந்து கிளம்பிய ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தச் சிறுமியிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன்.

“அப்ப நான் பேசினது தப்பாக்கா?”

“நான் எழுதினது தப்பு,” என்றேன்.